ஜெகதாம்பாளின் புரட்டாசி அடுப்பு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கணக்கு டீச்சர் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று பள்ளிக்கூடத்தில் பொறுத்துக்கொள்வார்கள். கடைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் நான் வாடிக்கையாகப் போகிற கடைகள் குறைவு. என்னோடு சரிக்குச் சரி வாயாடியும் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிற கடை ஒன்றுதான். மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற சாலையில், குப்பத்துப் பக்கம் திரும்பினால் நீலத் தார்ப்பாய் தெரியும். அதுதான் ஜெகதாம்பாளின் மீன் வறுவல் கடை.

ஜெகதாம்பாளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அலைச் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரல். புருஷன் சிவப்பிரகாசம் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டு வருவதில் இவளுக்குப் பிடித்ததை முதலில் பொறுக்கிக்கொள்வாள். மிச்சம்தான் ஏலத்துக்குப் போகும். புருஷன் முனகுவார், இவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வெயிலில் காய வைத்து மிஷினில் அரைத்து வருவாள். பூண்டு, எலுமிச்சம்பழம், உப்பு. அவ்வளவுதான் அவள் மசாலா. பாக்கெட் மசாலா போட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"பாக்கெட்டுல இன்னா கீதுன்னு எனுக்குத் தெரியாது டீச்சர். தெரியாதத எப்டி உனுக்குப் போடுவேன்?" என்றாள்.

நான் அதைச் சும்மா ஒரு வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். மேக்னா வந்த பிறகுதான் அந்தப் பேச்சின் எடை எனக்குப் புரிந்தது.

மேக்னா அணுபுரத்தில் இருப்பவள். கணவனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகள் ஹம்சினியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடற்கரைக்கு வந்தாள். ஹம்சினி ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லை. மேக்னா வரிசையாக ஒவ்வொரு கடையிலும் நின்று கேள்வி கேட்டாள். என்ன எண்ணெய், என்ன மசாலா, சோயா சாஸ் போடுவீர்களா, இதே வாணலியில் வேறு என்ன பொரிக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் இத்தனை கேள்வி கேட்டால் எந்தக் கடைக்காரனுக்குப் பிடிக்கும்? "வேணும்னா வாங்கு, வேணாட்டி போ" என்று ஒருவன் கத்தியே விட்டான். வரிசையில் கடைசிக் கடை ஜெகதாம்பாளுடையது. அவள் கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கும்மா கேக்கற?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஹம்சினிக்குச் சோயா ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். ஒருமுறை பிறந்தநாள் வீட்டில் ஒரு வாய் கட்லெட் தின்று ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்துவிட்டார்கள்.

"சோயான்னா மீல்மேக்கர் தானே? அத்தக் குடுக்காம வுட்டாப் போச்சு" என்றாள் ஜெகதாம்பாள்.

"மீல்மேக்கர் கண்ணுக்குத் தெரியும்மா, ஒதுக்கிடலாம். தெரியாம இருக்கிறதுதான் கஷ்டம். சில பிரெட்ல சோயா மாவு இருக்கும். பிஸ்கட்ல, சாக்லேட்ல, ஐஸ்கிரீம்ல லெசித்தின்னு ஒண்ணு சேர்ப்பாங்க, அதுவும் பெரும்பாலும் சோயாவுல எடுக்கிறதுதான். பாக்கெட் சூப், சாஸ், நக்கெட்ஸ், எதை எடுத்தாலும் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும். வெளியில இவளுக்கு ஒண்ணுமே வாங்கித் தர முடியல."

ஜெகதாம்பாள் அவளை அடுப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து காட்டினாள். எண்ணெய் டின்னைத் திருப்பிக் காட்டினாள். மேக்னா எல்லாவற்றையும் படித்தாள், முகர்ந்தாள், பிறகு ஒரு துண்டு வஞ்சரம் கேட்டாள். ஹம்சினி அதைத் தின்ற அழகை நான் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தேன். வெளியில் ஒரு கடையில் உட்கார்ந்து தட்டில் வாங்கித் தின்பது அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் தடவையாம். தின்று முடித்து, கடைக்காரம்மாவுக்குத் தட்டைத் தூக்கிக் காட்டினாள், காலி என்று.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்கள். ஜெகதாம்பாளுக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. மளிகைக் கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பி, "இதுல சோயா கீதா படி" என்று கடைக்காரனைப் பேஜார் பண்ணுவாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. வீட்டில் என் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ரொட்டியில் இருந்தது. பிஸ்கட்டில் இருந்தது. நூடுல்ஸ் கூட வருகிற மசாலாப் பொட்டலத்திலும் இருந்தது. எத்தனையோ வருஷமாக அறிமுகமே இல்லாமல் அதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பாக்கெட்டுகளில் எனக்கு ஆகாதது மைதாவும் சர்க்கரையும் உப்பும்தான். ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிற சோயாவை நான் எதற்குத் திட்ட வேண்டும்?

அப்புறம் புரட்டாசி வந்தது. எங்கள் பக்கத்தில் புரட்டாசி என்றால் பாதி ஊருக்குக் கவுச்சி கிடையாது. பெருமாள் மாசம். பதினோரு மாசம் மீன் முள்ளை உறிஞ்சுகிற நானும் அந்த ஒரு மாசம் விரதம்தான். மீன் கடைகள் ஈயோட்டும். ஜெகதாம்பாள் அந்த வருஷம் சும்மா உட்காரவில்லை, மீல்மேக்கர் வறுவல் போடப் போகிறேன் என்றாள்.

சிவப்பிரகாசம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "எண்ணெ புழிஞ்ச சக்கைய வறுத்து விக்கப் போறியா? ஊர்ல சிரிப்பாங்க!"

"சக்கன்னு சொல்லாத. அதுல அவ்ளோ சத்து கீதுன்னு டீச்சரு சொல்லுது. மீனத் துன்னாத மாசத்துல சனம் இன்னாத்த துன்னும்? ரசத்தையே குடிச்சிகினு கெடக்கணுமா?"

நான்தான் சொல்லியிருந்தேன். முட்டி வலிக்கிறது என்று டாக்டரிடம் போனபோது, புரதம் போதவில்லை, பருப்பு, சுண்டல், மீல்மேக்கர் ஏதாவது தினமும் சேருங்கள், மீல்மேக்கரையே மூன்று வேளையும் தின்றுவிடாதீர்கள் என்று அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தேன்.

விஷால் என்று ஒரு பையன் பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு கடை கடையாய்ச் சரக்கு போடுவான். அவனும் வந்தான். "சைவ மீன்" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினான். சோயாவில் செய்தது, மீன் மாதிரியே துண்டு துண்டாக இருக்கும், அப்படியே எண்ணெயில் போட்டால் போதும், வேலை மிச்சம் என்றான். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னாள் ஜெகதாம்பாள். அவனும் மூச்சு வாங்கப் படித்தான். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் நைனா. இவ்ளோ பேரு வந்தா நான் எங்க குந்த வெப்பேன்?"

அவள் செய்த மீல்மேக்கருக்குள் வந்த சாமான்கள் எண்ணிச் சில பேர்தான். உப்புப் போட்ட வெந்நீரில் ஊற வைப்பாள். பிழிவாள். பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழிவாள், அந்தப் பச்சை வாடை போகிற வரைக்கும். பிறகு அவள் மசாலா, எலுமிச்சை, கொஞ்சம் அரிசி மாவு. நான் முதல் வாய் வைத்ததும் புருவத்தைத் தூக்கினேன், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். என் வாயில் பாராட்டு வருவது லேசில் நடக்காது, அன்றைக்கு வந்தது.

விரதக்காரர்கள் விஷயத்தில் அவள் காட்டிய ஆசாரத்தை எந்த மடப்பள்ளியிலும் காட்டலாம். மீல்மேக்கருக்குத் தனி அடுப்பு, தனி வாணலி, தனிக் கரண்டி, தனித் தட்டு. மீன் தொட்ட கையால் அந்தப் பக்கம் போக மாட்டாள். நாத்தனார் முனியம்மாவை அதற்கென்றே நிறுத்தினாள். "ஒரு செதில் கூட இந்தாண்ட வரக்கூடாது" என்று கத்துவாள். கோயிலுக்குப் போய்விட்டு நாமத்தோடு வருகிறவர்கள்கூட நம்பித் தின்றார்கள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை சாயங்காலம் கடை கட்டும்போது நான் அங்கேதான் இருந்தேன். மீல்மேக்கர் வாணலியில் எண்ணெய் மிச்சம் இருந்தது. கருகாத நல்ல எண்ணெய். அதை வடிகட்டி மீன் வாணலியில் ஊற்றினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மீன் எண்ணெயைச் சைவ வாணலியில் ஊற்றியிருந்தால் நானே கூச்சல் போட்டிருப்பேன். சைவ எண்ணெய் மீனுக்குப் போவதில் எவருக்கு என்ன தோன்றும்?

மறுநாள் மேக்னா வந்தாள். இரண்டு அடுப்பையும் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது மீல்மேக்கரா, ஜெகாம்மா? இவளுக்கு மீன் அதே கடாய்லயா?"

"ஐய, அதெல்லாம் தனி அடுப்பு, தனி கடாய், தனி கரண்டி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, பயப்படாத" என்றாள் ஜெகதாம்பாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் தனித்தனியாகத்தான் இருந்தது.

ஹம்சினி பாதித் துண்டு தின்றிருப்பாள். கழுத்தைச் சொறிந்தாள். பிறகு உதடு தடித்தது. இருமல் வந்தது, அதற்குப் பின்னால் அந்த மூச்சுச் சத்தம். மேக்னா பையைக் கொட்டி மருந்தைத் தேடிக் கொடுத்தாள், ஆனால் அந்த நிலையில் அவளால் வண்டி ஓட்ட முடியாது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஜெகதாம்பாளின் தம்பி, அரசு என்று பேர், அவன்தான் சாவியைப் பிடுங்கிக் காரை எடுத்தான். ஜெகதாம்பாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். நானும் ஏறிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் அவள், "மூச்ச வுடு கண்ணு, வுடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் வாழ்க்கையில் அந்தச் சாலை அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாஸ்க் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

டாக்டர் ஒரு இளம்பெண். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். மீன் மட்டும்தான் என்றாள் மேக்னா. தனி வாணலி, தனி மசாலா, சோயா வர வழியே இல்லை.

"அப்போ மீனே ஒத்துக்காம போக ஆரம்பிச்சிருக்கலாம். டெஸ்ட் பண்ற வரைக்கும் மீனும் வேணாம்."

மேக்னா சுவரில் சாய்ந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆகிற பண்டங்களே கொஞ்சம். அதில் ஆசையாய்த் தின்கிற ஒன்றும் போயிற்று. ஜெகதாம்பாள் கதவோரம் மீன் வாடைப் புடவையோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து செய்த ஒவ்வொன்றையும் மனசுக்குள் திருப்பிப் பார்த்திருப்பாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி மீன் மேல் போயிருக்கும். ஒருவரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். கூடவே இருந்து பார்த்த எனக்கே அந்த எண்ணெய் ஞாபகத்துக்கு வரவில்லை.

"டாக்டரம்மா, மீனு மேல தப்பு இல்ல. நான்தான். நேத்து சாயந்தரம் மீல்மேக்கர் போட்ட எண்ணெ மிச்சம் இருந்துச்சு, அத்த மீன் கடாய்ல ஊத்திட்டேன். மீன் எண்ணெய இதுல ஊத்துனாதான பாவம், இத்த அதுல ஊத்துனா இன்னான்னு நெனச்சிட்டேன். அதுலதான் கொழந்தைக்குப் பொரிச்சேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த எண்ணெய்ல சோயா கலந்திருக்கும்மா. அதுவே இவளுக்குப் போதும். நல்லவேளை சொன்னீங்க."

மேக்னா திட்டவில்லை. ஜெகதாம்பாளை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். 

அடுத்த நாள் நான் போனபோது அந்த மீன் வாணலி பழைய இரும்புக்காரனிடம் போயிருந்தது. மீனுக்குப் புது வாணலி. மீல்மேக்கர் அடுப்பையே தூக்கிக்கொண்டுபோய், காற்று மீன் பக்கம் வராத மாதிரி தார்ப்பாயின் அந்தக் கோடியில் வைத்துவிட்டாள். மிச்ச எண்ணெய் எதுவும் எதற்கும் போகாது. நடுவில் ஒரு தண்ணீர் டிரம், சோப்பு. மீல்மேக்கர் தின்றவர்கள் காசு கொடுக்க வந்தாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் மீன் பக்கம் வர வேண்டும்.

"இதுக்கு அந்த மீல்மேக்கர நிறுத்திட்டுப் போவலாமே" என்றார் சிவப்பிரகாசம்.

"அது இன்னா தப்பு பண்ணுச்சு? எனுக்கு நல்லது, உனுக்கு நல்லது, டீச்சரு முட்டிக்கும் நல்லது. அந்தப் பொண்ணுக்கு ஆவாது, அவ்ளோதான். ஆவாதவங்களுக்கு ஆவாம பாத்துக்கறது நம்ம வேல."

விரதக்காரர்கள் முறைத்தார்கள். விரதம் இருக்கிறவர்களைப் போய்க் கை கழுவிவிட்டு வா என்றால், அதுவும் மீன் பக்கம் வருவதற்கு, யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? உண்மையைச் சொன்னால் எனக்கும் இருந்தது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அவள் அசையவில்லை.

மேக்னா அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கு அடுத்ததும் வரவில்லை. தேடிப் போய்ப் பார்க்கலாமே என்றேன். "நான் போயி நின்னா அந்தப் பொண்ணுக்குத்தான் சங்கடம். என்னை மன்னிச்சேன்னு சொல்ல வெக்கறதுக்கா போவணும்?" என்றாள். ஆனால் ஞாயிறு காலையில் புது வாணலியில் முதல் ஈட்டை ஒருவருக்கும் போடாமல் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பக்கத்துக் கடைக்காரர்கள், "வராத விருந்தாளிக்கு வாழையிலையா?" என்று கிண்டல் பண்ணினார்கள். மழை வந்து போனது, பொங்கல் போனது, மீன்பிடித் தடைக்காலமும் வந்து போனது. டிரம்மும் சோப்பும் அங்கேயே இருந்தன. ஒருவரும் பார்க்காத இடத்தில் ஒருத்தி இப்படிச் சுத்தம் காப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மறுபடி புரட்டாசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனியம்மாவின் அடுப்படியில் நான் மீல்மேக்கர் தின்றுகொண்டிருந்தேன். மணல் ரோட்டின் முனையில் ஒரு கார் வந்து நின்றது. மேக்னா இறங்கினாள். இறங்கினவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள், வருவதா திரும்புவதா என்று அவளுக்கே தெரியவில்லை போல. ஹம்சினிதான் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. எனக்கு இருந்த சந்தோஷத்தில் தட்டை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையையும் நீட்டி அவள் கன்னத்தைப் பிடிக்கப் போனேன்.

"ஏய் டீச்சர்! கைய எடு!"

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு கத்தல். நான் கையைக் காற்றிலேயே நிறுத்தினேன். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளை, விரதத்தில் இருப்பவளை, நாலு பேர் முன்னால் அதட்டுகிறாள். எனக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது.

"மொதல்ல கையக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு. வாயையும் கொப்பளி. அப்பறம் கொழந்தையத் தொடு!"

அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன், மீல்மேக்கர் மசாலா அப்பியிருந்தது. டிரம்முக்குப் போனேன். மீன் தொட்ட கையைக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ தடவை. மீன் தின்ன வந்த பிள்ளையைத் தொடுவதற்காகக் கை கழுவியது அன்றைக்குத்தான்.

கழுவி முடித்துத் திரும்பினால் மேக்னா காரை விட்டு வந்திருந்தாள். அந்தக் கத்தலை அவளும் கேட்டிருக்கிறாள். டெஸ்ட் எல்லாம் எடுத்தாகிவிட்டது, மீனால் ஒன்றுமில்லை, சோயாதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். பிறகு முதல் நாள் வந்தது மாதிரியே கேள்விகளை ஆரம்பித்தாள். என்ன எண்ணெய், டின் எப்போது திறந்தது, வாணலி எது, யார் தொட்டது, மிச்ச எண்ணெய் என்னவாகிறது. ஜெகதாம்பாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், எடுத்துக் காட்டினாள், அவசரப்படவில்லை.

கேள்வி எல்லாம் தீர்ந்த பிறகு மேக்னா கொஞ்ச நேரம் அந்தப் புது வாணலியைப் பார்த்தாள்.

"இவளுக்குப் பொரிக்க உங்களுக்குப் பயமா இல்லையா, ஜெகாம்மா?"

"பயந்துகினுதான் கண்ணு பொரிக்கிறேன். அன்னிக்குப் பயமில்லாம பொரிச்சேன், அதான் அப்டி ஆச்சு."

மேக்னா ஹம்சினியைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.